நாஞ்சில் நாட்டு வீடுகள் – 17: ஐந்தாம் மனைவி சொன்ன கதை

சென்ற பகுதியில் தறவாட்டுப் பத்தாயம், அதாவது கூட்டுக்குடும்ப வீட்டின் நெற்பெட்டி வரை வந்து நின்றோம். கன்னிப்பூவிலும் கும்பப்பூவிலும் களம் கண்ட நெல்லெல்லாம் அந்த மரப்பெட்டிக்குள் போகும். அது எப்போது, எத்தனை மரக்காலாக வெளியே வரும் என்பதைக் குடும்பத் தலைவரான காரணவரின் இடுப்பில் தொங்கிய சாவி தீர்மானித்தது. அவருக்குப் பிறகு அந்தச் சாவி அவருடைய சகோதரியின் மகனுக்குப் போகும். அவர் பெற்ற மகனுக்கும் அவருக்குப் பொங்கிப்போட்ட மனைவிக்கும் அதைத் தொடும் உரிமை கிடையாது. அப்படி உரிமையில்லாமல் நின்றவர்கள் வாய் திறந்து பேசியதைத்தான் இந்தப் பகுதி சொல்கிறது. அவர்கள் பேசியது பெரும்பாலும் நகைச்சுவையாக இருந்தது. நாஞ்சில் நாட்டுக் குடும்ப வரலாற்றில் ஆவணங்களும் வழக்குக் கட்டுகளும் சொல்லாமல் விட்ட பலவற்றை அந்த நகைச்சுவை காப்பாற்றி வைத்திருக்கிறது.

தோவாளை, அகஸ்தீசுவரம் என்ற இரண்டு தாலுகாக்களும் சேர்ந்ததே பழைய நாஞ்சில் நாடு. இங்குள்ள வேளாளரில் ஒரு பெரும்பிரிவினர், சொத்து சகோதரியின் மக்களுக்குப் போகும் மருமக்கள்வழியைப் பின்பற்றினார்கள். பக்கத்திலிருந்த நாயர் சமுதாயத்திலும் அதே வழிதான் இருந்தது. ஆனால் இரண்டுக்கும் இடையே பெரிய வேறுபாடு ஒன்று உண்டு. நாயர் தறவாட்டில் பெண் தான் பிறந்த வீட்டிலேயே இருந்தாள். பிள்ளைகளும் அங்கேயே, நாளை தங்களுக்கு உரிமையாகப் போகிற வீட்டில் வளர்ந்தார்கள். நாஞ்சில் வேளாளர் வீட்டில் பெண் தமிழ்நாட்டு வழக்கப்படி கணவன் வீட்டுக்குப் போனாள். மாமியாரின் கீழ் வாழ்ந்தாள், பிள்ளை பெற்றாள், வயலிலும் களத்திலும் உழைத்தாள். சொத்து மட்டும் மலையாள வழக்கப்படி மருமகனுக்குப் போனது. வாழ்வது ஒரு முறையிலும் வாரிசு இன்னொரு முறையிலும் அமைந்த வீடு அது. கணவன் கண்ணை மூடியதும் மனைவியும் மக்களும் அந்த வீட்டுக்கு அந்நியர்கள் ஆனார்கள்.

ஒரு சிறுவன் வளர்ந்து ஆளாவது அங்கே எப்படிப்பட்ட அனுபவமாக இருந்திருக்கும் என்று நினைத்துப் பார்க்கவேண்டும். அப்பாவின் மடியில் உட்கார்ந்து உண்கிறான். அவர் கையைப் பிடித்துக்கொண்டு வரப்பில் நடக்கிறான். இந்த வயலும் குளத்தங்கரைத் தோப்பும் தனக்கில்லை என்பது மெல்ல மெல்லத்தான் அவனுக்குப் புரிகிறது. அவனுடைய பங்கு எங்கோ வேறொரு ஊரில், தாய்மாமனின் பத்தாயத்தில் இருக்கிறது. அந்த மாமனுக்கும் பிள்ளைகள் உண்டு. அவர்களும் இவனைப் போலவே தங்கள் அப்பாவின் வரப்பில் நடந்துகொண்டிருப்பார்கள், அதைப் பறிக்கப்போகிறவனாக இவனைப் பார்ப்பார்கள். ஒரே பையன் தன் வீட்டில் இரக்கத்துக்குரியவன், மாமன் வீட்டில் அச்சத்துக்குரியவன். பெற்ற பிள்ளைக்கு எதுவுமே இல்லை என்றும் சொல்லிவிட முடியாது. உகந்துடைமை என்ற பெயரில் கால் பங்கைத் தாண்டாத ஒரு பகுதி கிடைக்க வழி இருந்தது. விதவைக்கும் விலக்கப்பட்டவளுக்கும் நன்குடைமை என்று ஒன்று இருந்தது. இரண்டையும் தரவேண்டியவர்கள் அதே தறவாட்டுக்காரர்கள்தான். கிடைக்குமா, எவ்வளவு கிடைக்கும் என்பது அவர்கள் மனத்தையும் வழக்கறிஞரின் திறமையையும் பொறுத்திருந்தது.

இந்த வீட்டைப் பற்றி ஒருவர் காவியம் எழுதினார். தேரூரில் 1876 ஜூலை 27 அன்று பிறந்த தேசிகவிநாயகம் பிள்ளை அவர். பள்ளியில் மலையாளம் படித்தவர். ஊரிலிருந்த மடத்தில் சாந்தலிங்கத் தம்பிரானிடம் தமிழ் கற்றவர். முப்பத்தாறு ஆண்டுகள் ஆசிரியராக வேலை பார்த்து 1931இல் ஓய்வு பெற்றபின் மனைவியின் ஊரான புத்தேரியில் குடியிருந்தார். கவிமணி என்ற பட்டம் 1940இல்தான் வந்தது. குழந்தைப் பாடல்களாலும் ‘ஆசிய ஜோதி’யாலும் உமர் கய்யாம் பாடல்களாலும் தமிழுலகம் அவரை அறியும். மென்மையான கவிஞர் என்ற பெயர் அவருக்கு நிலைத்துவிட்டது. ‘நாஞ்சில் நாட்டு மருமக்கள்வழி மான்மிய’த்தைப் படித்தவர்களுக்கு வேறொரு கவிமணி தெரிவார். தன் சமுதாயத்தின் சமையலறைக்குள் புகுந்து, அங்கே கேட்டதை ஒளிக்காமல் சொல்லக்கூடியவர் அவர். என் மதிப்பில் அவர் எழுதியவற்றுள் தலைசிறந்தது இதுதான். ‘தமிழன்’ இதழில் 1917, 1918 ஆண்டுகளில் தொடராக வந்த இந்தப் படைப்பு, 1942இல் நூலானது.

பதினொரு படலங்கள். சொல்பவள் பஞ்சகல்யாணிப் பிள்ளை என்ற காரணவருக்கு ஐந்தாவதாக வாழ்க்கைப்பட்ட பெண். ஐந்து கல்யாணம் செய்தவருக்கு அந்தப் பெயரை வைத்ததிலேயே கவிஞரின் குறும்பு தொடங்கிவிடுகிறது. காவிய மரபுப்படி குலமுறை கிளத்து படலத்தில் ஆரம்பிக்கிறாள். கம்பனில் அந்தப் படலத்தில் சூரிய குலத்தின் பெருமை பேசப்படும். இங்கே ஒரு நாஞ்சில் பெண் தன் பிறந்த வீட்டையும், தான் எப்படி இந்த வீட்டில் வந்து விழுந்தாள் என்பதையும் சொல்கிறாள். அடுத்தது மாமி அரசியற் படலம். அடுக்களையில் நடக்கும் ஆட்சி அது. அரிசி அளப்பதும், கறிக்குத் தேங்காய் எடுப்பதும், யார் முதலில் உண்பது, யார் மிச்சத்தை உண்பது என்பதும் அங்கே அரசாணைகள். பிறகு கேலிப் படலம். அதற்கடுத்த கடலாடு படலம், சிலப்பதிகாரத்துக் கடலாடு காதையை நினைத்துக்கொண்டு வருகிறவரைக் குமரித்துறையில் தீர்த்தமாடப் போகும் குடும்பக் கூட்டத்தின் நடுவே கொண்டுபோய் நிறுத்துகிறது. பரிகலப் படலம் என்று ஒன்று. பரிகலம் என்பது பெரியவர் உண்டெழுந்த இலை. ஒரு வீட்டில் மனைவியர் பலர் இருந்தால் அந்த இலைக்கும் உரிமைச் சண்டை வரும் என்பதை இன்று படிக்கும்போது சிரிப்போடு கூச்சமும் வருகிறது.

நாகாஸ்திரப் படலம், கருடாஸ்திரப் படலம் என்ற இரண்டு தலைப்புகளையும் பார்த்தால் யுத்த காண்டம் நினைவுக்கு வரும். இலங்கைப் போரில் பறந்த அஸ்திரங்கள் நாஞ்சில் நாட்டில் மாமனுக்கும் மருமகனுக்கும் நடந்த சொத்துச் சண்டைக்குள் வந்து சேர்கின்றன. அந்த வீடுகளில் ஆயுதம் காகிதமாக இருந்தது. நோட்டீசு, பதில் நோட்டீசு, வக்காலத்து, சாட்சி, அப்பீல் என்று அது நீளும். வாழ்த்துப் படலம் தாண்டினால் கோடேறிக் குடிமுடித்த படலம். கோர்ட்டுப் படியேறிக் குடும்பத்தையே முடித்த கதை என்பது தலைப்பிலேயே வெளிப்படை. அதற்குப்பின் யாத்திரைப் படலம், கடைசியாகக் கும்பியெரிச்சற் படலம்.

இந்த வரிசை காரணத்தோடு அமைந்தது. முதல் பாதியில் நாம் அவளோடு சேர்ந்து சிரிக்கிறோம். மாமியாரைப் பார்த்து, சக்களத்திகளைப் பார்த்து, எந்தப் பக்கமும் சாயமுடியாமல் தவிக்கும் காரணவரைப் பார்த்துச் சிரிக்கிறோம். நடுவில் எங்கோ, இன்ன இடம் என்று விரல் வைத்துக் காட்டமுடியாதபடி, அந்தச் சிரிப்பு குறைந்துகொண்டே போகிறது. கடைசிப் படலத்துக்கு வரும்போது பிள்ளைகளின் வயிறு எரிகிறது, தாயின் வயிறும் எரிகிறது. மருமக்கள்வழி ஒழியவேண்டும் என்ற குரல் அந்தப் பசியிலிருந்து எழுகிறது. அந்தக் கோரிக்கையை ஒரு சீர்திருத்தக்காரரின் வாயிலோ, பட்டம் படித்துத் திரும்பிய இளைஞனின் வாயிலோ கவிமணி வைத்திருக்கலாம். அந்தக் காலத்தில் அதுவே வழக்கம். அவர் வீட்டில் கடைசியாக வந்தவளை, எந்தப் பட்டியலிலும் பெயர் இடம்பெறாதவளைப் பேசவைத்தார். மலையாளத்தில் 1889இல் வந்த சந்து மேனோனின் ‘இந்துலேகா’விலும் முன்கோபக்காரக் காரணவர் ஒருவர் உண்டு, தறவாட்டுக் குழப்பங்கள் உண்டு, வயிறு குலுங்கச் சிரிக்கவைக்கும் நம்பூதிரி ஒருவரும் உண்டு. ஆனால் அந்த நாவலின் கண் ஆங்கிலம் படித்தவர்களின் கண். அதன் நாயகியே ஆங்கிலம் கற்றவள். மான்மியத்தின் கண் அடுப்படியில் இருக்கிறது. புகையில் கலங்கிய அந்தக் கண்ணுக்கு முற்றத்தில் நடப்பதும் தெரிந்தது, பத்தாயத்தின் அடியில் எவ்வளவு நெல் மிஞ்சியிருக்கிறது என்பதும் தெரிந்தது.

குடும்பத்தின் கோணல்களைச் சொல்லிச் சிரிக்கவைக்கும் கதைகளுக்கு ஆங்கிலேயர்கள் பேர்போனவர்கள். அந்த மரபின் பெரிய ஊற்று ஜேன் ஆஸ்டின் 1813இல் வெளியிட்ட ‘பிரைடு அண்ட் பிரெஜுடிஸ்’. அதைத் தேரூர்க் கண்ணோடு படித்தால் வியப்பாக இருக்கும். பென்னட் என்ற கனவானுக்கு ஐந்து பெண்கள். ஆண் வாரிசு இல்லை. ஆகவே அவர் இறந்ததும் வீடும் நிலமும் தூரத்து உறவினரான காலின்ஸ் என்பவருக்குப் போய்ச் சேரும். அந்தத் தாயின் பதற்றம், தந்தை நூலக அறைக்குள் ஒளிந்துகொள்வது, நாளை நம்மை வெளியேற்றப்போகிறவன் இன்று விருந்தாளியாக வந்து நாற்காலிகளையும் மேசைகளையும் அளவெடுப்பதுபோலப் பார்ப்பது என எல்லாமே நகைச்சுவை. எல்லாவற்றுக்கும் அடியில் இருப்பது ஒரு சொத்துரிமை விதி. அங்கே பெண்ணுக்கு இல்லை என்றது சட்டம், இங்கே பெற்ற மகனுக்கே இல்லை என்றது. விதி கோணலாக இருந்தால் வீடும் கோணலாகும். அந்த வீட்டில் வளர்கிற பிள்ளைக்குப் பெரியவர்கள் எல்லாரும் விசித்திரப் பிறவிகளாகத்தான் தெரிவார்கள்.

பிற்காலத்து ஆங்கில நூல்களில் சொத்துக் கவலை பின்னுக்குப் போய்ப் பிள்ளையின் பார்வை முன்னுக்கு வந்தது. டோடி ஸ்மித் 1948இல் வெளியிட்ட நாவலில் இடிந்த கோட்டையொன்றில் வாடகைக்கு வாழும் குடும்பத்தைப் பதினேழு வயதுப் பெண் தன் குறிப்பேட்டில் எழுதிவைக்கிறாள். எழுத்தாளரான தந்தைக்கு எழுத்து வற்றிவிட்டது, வீட்டில் காசில்லை, ஆனால் கதை முழுக்கக் குதூகலம். ஜெரால்டு டரல் 1956இல் தன் குடும்பத்தைப் பற்றி எழுதிய நூலில் பத்து வயதுச் சிறுவனின் கண்ணில் அண்ணன்மாரும் அக்காவும் அம்மாவும் அவன் பிடித்து வரும் பல்லி, ஆமை, ஆந்தைகளுக்குச் சமமாக நடமாடுகிறார்கள். அந்த டரல் பிறந்தது நம் நாட்டு ஜாம்ஷெட்பூரில், 1925இல்.

அதே 1925ஐ ஒட்டித்தான் நாஞ்சில் நாட்டிலும் விதி மாறியது. திருவிதாங்கூரில் நாயர் சமுதாயத்துக்கான முதல் சட்டம் 1912இல் வந்தது, விரிவான இரண்டாம் சட்டம் 1925இல் வந்தது. அதைத் தொடர்ந்து கொல்லம் ஆண்டு 1101இல், அதாவது 1925–26இல், நாஞ்சில் நாட்டு வேளாளர் சட்டம் நிறைவேறியது. தறவாட்டுச் சொத்தைப் பங்குவைக்கவும், மனைவி மக்களுக்கு வாரிசுரிமை கிடைக்கவும் அது வழி திறந்தது. மான்மியம் ஒன்றினால் சட்டம் வந்துவிட்டது என்று சொல்வது மிகை. கூட்டங்கள், மனுக்கள், சட்டசபை விவாதங்கள் எல்லாவற்றுக்கும் அதில் பங்கு உண்டு. ஆனால் ‘தமிழன்’ இதழில் படலம் படலமாக வந்ததைத் திண்ணையில் உட்கார்ந்து படித்த காரணவர்களும் அவர்களுடைய மருமக்களும், உள்ளேயிருந்து கேட்ட பெண்களும் அந்தச் சட்டத்தின் காலத்திலும் வாழ்ந்தவர்கள். தன் வீட்டைப் பார்த்து ஒருமுறை வாய்விட்டுச் சிரித்தவன் அதன்பிறகு பழைய மரியாதையோடு அதைத் தாங்கிப் பிடிப்பது கடினம். நூலாக வெளிவந்த 1942இல் சட்டம் வந்து பதினாறு ஆண்டுகள் ஆகியிருந்தன. அதற்குள் பங்குபோன தறவாடுகளில் வளர்ந்த பிள்ளைகளுக்கு அது தாத்தா காலத்துக் கதையாக ஆகிக்கொண்டிருந்தது.

சட்டம் மாறிய பின்னும் வீட்டில் அதிகாரமில்லாதவரின் வாயால் கதை சொல்லும் பழக்கம் இந்த மண்ணில் தொடர்ந்தது. அழகியபாண்டியபுரத்தில் 1932இல் பிறந்த கிருஷ்ணன் நம்பி குழந்தைகளின் மனத்துக்குள் எளிதாகப் புகுந்து எழுதியவர். குழந்தைக் கவிதைகளும் எழுதியவர். 1976இல், நாற்பத்து நான்காம் வயதை எட்டுமுன்பே மறைந்துவிட்டார். அவருடைய ‘மருமகள் வாக்கு’ சிறுகதையில் ஊரில் தேர்தல், பூனைச் சின்னத்துக்கும் கிளிச் சின்னத்துக்கும் போட்டி. மருமகள் ருக்மிணிக்குக் கிளியைப் பிடித்திருக்கிறது. மாமியார் பூனைக்குப் போடச் சொல்லியிருக்கிறாள். குடியரசு அவளுக்கு ஒரு வாக்கைக் கொடுத்துவிட்டது, வாக்குச்சாவடி மறைப்புக்குள் மாமியார் வரமுடியாது. அந்தச் சில நொடிகளில் ஒரு பெண்ணின் முழு வாழ்க்கையையும் நம்பி நிறுத்திக் காட்டுகிறார். முடிவைப் படிக்காதவர்களுக்காக இங்கே சொல்லாமல் விடுகிறேன். கவிமணியின் மாமி அரசியற் படலத்துக்குப் பிறகு, அந்த ஆட்சியின் வலிமையை இத்தனை சிறிய இடத்தில் இவ்வளவு துல்லியமாகச் சொன்ன வேறு கதையை நான் படித்ததில்லை.

நம்பியின் நண்பர் சுந்தர ராமசாமி. நாகர்கோவிலில் 1931இல் பிறந்து, கோட்டயத்தில் தொடக்கக் குழந்தைப் பருவத்தைக் கழித்து, 1939இல் குடும்பத்தோடு நாகர்கோவிலுக்குத் திரும்பியவர். நோயினால் பள்ளிப்படிப்பு தடைப்பட்டு, தமிழைப் பதினெட்டு வயதையொட்டித்தான் எழுதப் படிக்கக் கற்றார். அவர் 1998இல் வெளியிட்ட ‘குழந்தைகள் பெண்கள் ஆண்கள்’ நாவலின் தலைப்பில் உள்ள வரிசையைக் கவனியுங்கள். குழந்தைகள் முதலில், ஆண்கள் கடைசியில். கதை 1937 முதல் 1939 வரை கோட்டயத்தில் நடக்கிறது. இது மருமக்கள்வழி வீடு இல்லை, ஊர்விட்டு ஊர்போய் வாழும் பிராமணக் குடும்பம். தந்தை எஸ்.ஆர்.எஸ்., தாய் லட்சுமி, மகள் ரமணி, மகன் பாலு. பாலுவுக்கு அப்பா என்றால் நடுக்கம். அவர் வீட்டுக்குள் நுழையும்போது வீட்டின் காற்றே மாறுகிறது. அவர் வெளியே போனதும் பிள்ளைகளின் உலகம் திரும்ப உயிர்பெறுகிறது, அதில் பெரியவர்களின் ரகசியங்கள் பாதி புரிந்தும் புரியாமலும் மிதக்கின்றன. அந்தப் பாதிப் புரிதலில்தான் நாவலின் நகைச்சுவை இருக்கிறது. பெரியவர்கள் மறைத்துப் பேசுவதைப் பிள்ளை நேராகக் கேட்டு, தன் கணக்கில் வேறொன்றாக்கி வைத்துக்கொள்கிறான். சுந்தர ராமசாமி பாலுவைப் பார்த்துச் சிரிக்கவே இல்லை. அவன் பயத்தை முழு மரியாதையோடு எழுதினார். அதனால்தான் அவ்வளவு பெரிய நாவல் ஒரு இடத்திலும் நீளமாகத் தோன்றவில்லை.

வீரநாராயணமங்கலத்துக்காரரான நாஞ்சில்நாடனின் முதல் நாவல் ‘தலைகீழ் விகிதங்கள்’ 1977இல் வந்தது. ஏழை வேளாளக் குடும்பத்துப் பட்டதாரி சிவதாணு, வசதியான வீட்டுப் பெண்ணைக் கட்டிக்கொள்கிறான். மான்மியக் காலத்தில் மருமகன் என்றால் மாமன் நடுங்கினார். ஐம்பது, அறுபது ஆண்டுகளில் நிலைமை அப்படியே புரண்டு, மாமனார் வீட்டுப் பணத்தின்முன் மருமகன் தலைகுனிந்து நிற்கிறான். தங்கர் பச்சான் இந்த நாவலை 2002இல் ‘சொல்ல மறந்த கதை’ என்ற படமாக எடுத்தார். நாஞ்சில்நாடனின் எழுத்தில் பந்தியும் தீயலும் புளிக்கறியும் கதைமாந்தரைப் போலவே முக்கியம். ஒரு வீட்டில் யாருக்கு எவ்வளவு மதிப்பு என்பதை இலையில் விழுவதை வைத்தே அவர் சொல்லிவிடுவார்.

மேற்குக் கரையில், தேங்காப்பட்டணத்தில் 1944இல் பிறந்தவர் தோப்பில் முகமது மீரான். 1997இல் அவருக்குச் சாகித்திய அகாதெமி விருது பெற்றுத் தந்த ‘சாய்வு நாற்காலி’யில் முஸ்தபாகண்ணு என்ற ஒரு பெரிய வீட்டுக்காரர் வருகிறார். மூதாதையர் மார்த்தாண்ட வர்மா காலத்துப் பெருமையைச் சொல்லிக்கொண்டு நாற்காலியை விட்டு எழுந்திருக்காதவர். நல்ல சாப்பாடு வேண்டும், சம்பாத்தியம் கிடையாது. ஆகவே வீட்டிலுள்ள பழம்பொருள்கள் ஒவ்வொன்றாக விலைபோகின்றன. சில இடங்களில் சிரிப்பை அடக்க முடியாது. அதே வீட்டில் ‘அதபு பிரம்பு’ என்று ஒரு பிரம்பு இருக்கிறது. வீட்டுப் பெண்களை அடக்குவதற்காகத் தலைமுறை தலைமுறையாக வைத்திருப்பது. பாத்திரம், பண்டம், மரச்சாமான் எல்லாம் வாசல் தாண்டிப் போகும்போது அந்தப் பிரம்பு மட்டும் வீட்டின் மானமாகக் கருதப்படுகிறது. பஞ்சகல்யாணிப் பிள்ளைக்கும் முஸ்தபாகண்ணுவுக்கும் சாதி வேறு, மதம் வேறு, காலம் வேறு. உட்கார்ந்த இடத்திலிருந்தே வீட்டை ஆளலாம் என்று நம்பியதில் இருவரும் ஒன்று. இருவர் வீட்டிலும் அதற்கான விலையைக் கொடுத்தவர்கள் உள்ளே இருந்த பெண்கள்.

மான்மியத்தில் ஒரு படலத்தை மட்டும் இந்தப் பகுதியில் வேகமாகக் கடந்துவிட்டேன். கோடேறிக் குடிமுடித்த படலம் அது. தறவாட்டைக் காப்பாற்ற வழக்கு, காரணவரை நீக்க வழக்கு, ஜீவனாம்சத்துக்கு வழக்கு, உகந்துடைமைக்கு வழக்கு என்று நாஞ்சில் நாட்டு வயல்கள் எப்படிக் கட்டணமாகவும் வக்கீல் பீசாகவும் கரைந்தன, ஒற்றிக்குப் போன நிலங்கள் யார் கைக்கு வந்தன என்பது தனியாகச் சொல்லவேண்டிய கதை. அடுத்த பகுதியில் அந்த வழக்குகளுக்குள் போவோம்.